கருவியா, கருத்தாவா, உடனிகழ்ச்சியா? தொழினுட்பத்துக்கு வரைவிலக்கணம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

"தொழினுட்பம்" என்ற சொல்லைக் கைத்தொலைபேசிக்கும் சொல்கிறோம், நெல் விதைக்கும் சொல்கிறோம், வங்கிச் செயலிக்கும் சொல்கிறோம். இத்தனைக்கும் பொருந்தும் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கூர்மையாகக் கேட்பது கடினம். தத்துவம் படிப்போர், உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர், ஆய்வுக்கட்டுரையின் முதல் அத்தியாயத்தில் வரைவிலக்கணம் எழுதியே ஆக வேண்டியவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம். உதாரணங்கள் கூடியவரை கொழும்பின் வீடுகளிலும் கடைகளிலும் கிடைப்பவை.

"தொழினுட்பம்", "தொழினுட்பவியல்": எதை எழுதுவது?

நம் பாடநூல்களில் இரண்டும் உண்டு. 2013இல் உயர்தரத்தில் புதிய பிரிவு தொடங்கியபோது "பொறியியல் தொழினுட்பவியல்", "உயிர்முறைமைகள் தொழினுட்பவியல்" என்று பாடங்களுக்குப் பெயர் வந்தது. பேச்சில் "இயல்" உதிர்ந்துவிடுகிறது. தத்துவம் எழுதும்போது அதை உதிர விடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. ஜேர்மனியின் கோட்டிங்கன் பேராசிரியர் யொஹான் பெக்மன் 1777இல் வெளியிட்ட நூலில் "டெக்னொலொகி" என்பது ஒரு படிப்பின் பெயர். நெசவு, தோல் பதனிடுதல் போன்ற தொழில்களை ஒழுங்காக விவரித்து ஆராயும் படிப்பு அது. செய்முறைக்கும் கருவிக்கும் ஜேர்மனில் "டெக்னீக்" என்று வேறு சொல் வழங்கியது. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டது. தமிழில் "இயல்" என்ற ஈறு அந்தப் பழைய வேறுபாட்டை இன்னும் காக்கிறது. ஆகவே செய்வதும் செய்பொருளும் தொழினுட்பம், அவற்றை ஆராய்வது தொழினுட்பவியல் என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் பல குழப்பங்கள் வராது.

"மனிதன் தன் தேவைக்குப் பயன்படுத்தும் கருவி" என்று எழுதினால் போதாதா?

அதிகம் பேர் எழுதும் வரைவிலக்கணம் இதுதான். பிழையில்லை, ஆனால் போதாது. ஏன் போதாது என்பதைக் காட்ட சாதாரணதரத்தில் எல்லோரும் படித்த ஒன்றே உதவும்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள் உண்டு. "திரிகையால் குடம் வனைந்தான்" என்றால் திரிகை கருவி; அதுவும் துணைக்கருவி. "மண்ணால் குடம் வனைந்தான்" என்றால் மண் முதற்கருவி, ஏனெனில் அது குடமாகவே மாறி அதற்குள் இருக்கிறது. "தச்சனால் கோயில் கட்டப்பட்டது" என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா. "அரசனால் கட்டப்பட்டது" என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. உருபு ஒன்றுதான்: "ஆல்". கருவியும் செய்பவனும் ஒரே உருபை ஏற்பதால், எந்தப் பொருளில் வந்தது என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது "செயற்கை நுண்ணறிவால் வேலை போனது" என்ற வாக்கியத்தை எடுங்கள். இந்த "ஆல்" எது? கருவி என்றால், அந்தக் கருவியைக் கையில் எடுத்த ஒரு கருத்தா இருக்க வேண்டும். வாக்கியத்தில் அவரைக் காணோம். கருத்தா என்றால், இயந்திரம் தானாகவே முடிவெடுத்ததாக ஆகிறது. யாரிடமும் போய்க் கேட்க முடியாது. தொழினுட்பத் தத்துவத்தின் பெரிய சண்டைகளில் பாதி இந்த ஓர் உருபுக்குள் அடங்கும். கருவி என்று மட்டும் கொள்வதைக் கருவிவாதம் என்பார்கள். கருத்தாவாகக் கொள்வது, தொழினுட்பமே சமூகத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது என்னும் நிர்ணயவாதத்தின் பக்கம் போகும்.

மூன்றாவதான உடனிகழ்ச்சியைத்தான், அதாவது "ஓடு" உருபில் வரும் சேர்ந்து நிகழ்தலைத்தான், நம் கட்டுரைகள் மறந்துவிடுகின்றன. அமெரிக்கத் தத்துவவியலாளர் டொன் ஐடி 1990இல் எழுதியது ஏறக்குறைய இதைப் பற்றியே. மூக்குக்கண்ணாடி கண்ணோடு சேர்ந்துவிடுகிறது. அதன் வழியாகப் பார்க்கிறோமே தவிர, அதைப் பார்ப்பதில்லை. வெப்பமானியை வாசிக்கிறோம். பணம் எடுக்கும் இயந்திரத்தோடு எதிரே நிற்பவரோடு போல நடந்துகொள்கிறோம். மின்விசிறியோ பின்னணியில் இருக்கிறது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, அது நின்ற கணத்தில்தான் அது சுழன்றுகொண்டிருந்ததே பலருக்கு உறைத்தது. இந்த நான்கு உறவும் "கருவி" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவதில்லை.

அரிஸ்டோட்டில் இன்னும் தேவையா?

தேவை. இயற்கையால் ஆனதற்குத் தன் அசைவும் வளர்ச்சியும் தனக்குள்ளேயே இருக்கும், கைவினையால் ஆனதற்கு அது வெளியே, செய்தவனிடம் இருக்கும் என்று அவர் பிரித்தார். அவர் காட்டும் உதாரணம் கட்டில். கட்டிலை மண்ணில் புதைத்து அது முளைவிடுமானால், முளைப்பது மரமாக இருக்கும், கட்டிலாக இராது.

இந்த அளவுகோலை நெல்லில் வைத்துப் பாருங்கள். பி.ஜி. 352 என்ற நெல்லினம் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்து கலந்து உருவாக்கப்பட்டது. பெயரின் முதல் இரண்டு எழுத்தும் அந்த ஊரையே குறிக்கின்றன. விதைத்தால் அதே பி.ஜி. 352 முளைக்கிறது. செய்தவர்களின் நோக்கம் உள்ளே இருக்கிறது, வளர்ச்சியும் உள்ளேயே இருக்கிறது. அரிஸ்டோட்டிலின் கோட்டின் இரண்டு பக்கத்திலும் அது ஒரே நேரத்தில் நிற்கிறது. உயிர்முறைமைகள் படிக்கும் மாணவர் தங்கள் வரைவிலக்கணத்தை முதலில் சோதிக்க வேண்டிய பொருள் இதுதான். "செயற்கையான பொருள்" என்று எழுதியிருந்தால் அது இங்கே முறியும்.

தொழினுட்பம் என்பது விஞ்ஞானத்தின் பிரயோகம்தானே?

தத்துவவியலாளர் மாரியோ புங்கே 1966இல் "தொழினுட்பம் பிரயோக விஞ்ஞானமாக" என்ற தலைப்பில் ஏறத்தாழ அப்படித்தான் வாதிட்டார், அதுவும் கவனமாக. விஞ்ஞானக் கோட்பாட்டை ஒரு பொருளின் மேல் பயன்படுத்துவது ஒரு வகை. செயலையே விஞ்ஞான முறையில் ஆராய்வது, அதாவது வரிசையில் நிற்போர் எத்தனை பேர், எந்த முடிவு எப்போது எடுப்பது என்பன போன்றவை, இன்னொரு வகை என்று பிரித்தார். அவரை மேற்கோள் காட்டுவோர் இந்தப் பிரிவை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த வரைவிலக்கணத்துக்கு இலங்கையிலேயே ஓர் எதிருதாரணம் இருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ பகுதியில், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் பழைய இரும்பு உருக்கு உலைகள் கிடைத்தன. முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் அங்கே உற்பத்தி மும்முரமாக இருந்தது. துருத்தி இல்லை, தென்மேற்குப் பருவக்காற்றே உலையை ஊதியது. தொல்லியலாளர் ஜிலியன் ஜுலெஃப் 1994இல் அதே மாதிரி உலையைக் கட்டி, அதே காற்றில் எரித்துப் பார்த்தார். உயர் காபன் உருக்கு கிடைத்தது. முடிவு 1996இல் "நேச்சர்" இதழில் வந்தது. உலையின் முன்சுவர் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கே அமுக்கத்தைக் குறைக்கிறது. அதனால் கீழே உள்ள மண்குழாய்கள் வழியாகக் காற்று சீராக உள்ளே இழுக்கப்படுகிறது. கட்டியவர்களுக்கு அமுக்கம் பற்றிய சமன்பாடு தெரிந்திருக்க வழியில்லை. சரிவு எது, மாதம் எது, குழாயின் இடைவெளி எவ்வளவு என்பது தெரிந்திருந்தது.

இன்றைக்கு வேண்டுமானால் செட்டியார் தெருவில் நகை ஒட்டும் பத்தரைக் கவனியுங்கள். ஒட்ட வேண்டிய இரண்டு முனையிலும் வெங்காரம் தடவி, சிறு துண்டுப் பற்றாசை (ஒட்டுவதற்கான கலப்பு உலோகத்தை) வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துகிறார். பற்றாசு நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். சுடரை நேரே பற்றாசின் மேல் காட்டினால் அது உருண்டு முத்தாகிவிடும், இணைப்புக்குள் ஓடாது. சுற்றியுள்ள உலோகம் முதலில் சூடாகி, நிறம் மாறிய அந்த வினாடியில்தான் பற்றாசு பளிச்சென்று ஓடும். இன்னும் இரண்டு வினாடி தாமதித்தால் மெல்லிய கம்பியே உருகிச் சுருண்டுவிடும். இந்த "நிறம்" எது என்று எழுதிக் காட்டச் சொன்னால் அவரால் முடியாது. நாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிவோம் என்று மைக்கேல் பொலான்யி சொன்னது இந்த அறிவைத்தான். விஞ்ஞானத்தின் பிரயோகம் என்று மட்டும் வரையறுத்தால் பத்தரின் அறிவு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது, சம்பளப் பட்டியலிலும் அது விழும்.

கார்ல் மிட்சமின் நான்கு வகை எவை? எப்படிப் பயன்படுத்துவது?

1994இல் மிட்சம் தொழினுட்பம் வெளிப்படும் நான்கு வழிகளைச் சொன்னார்: பொருள், அறிவு, செயல், விருப்பு. தொடங்குவோருக்கு இதைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம், ஏனெனில் எதை விட்டுவிட்டீர்கள் என்பதை உடனே காட்டிவிடும்.

இடியப்ப உரலில் வைத்துப் பார்க்கலாம். உரலும், அதன் அடியில் உள்ள துளைத் தட்டும், மேலிருந்து அழுத்தும் கட்டையும் பொருள். வறுத்த அரிசிமா 2 கப்புக்குக் கொதிநீர் ஏறக்குறைய ஒன்றரைக் கப், மாவைப் பொறுத்துக் கூடும் குறையும் என்பது அறிவு. நீர் கொதி தணிந்திருந்தால் மா ஒட்டாது, பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும். நீர் கூடினால் இழை தட்டிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும். குழைப்பது, பிழிவது, தட்டில் சுற்றுவது, அவிப்பது செயல். வீட்டில் நான்கு பேருக்கு இராச்சாப்பாடா, கடைக்கு ஆயிரம் இடியப்பமா என்பது விருப்பு. அது மாறினால் உரல் போய் இயந்திரம் வரும், மாவின் பதமும் மாறும்.

இதில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. உரலை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பினால் பித்தளைப் பாத்திரம்தான் போய்ச் சேரும்.

ஒரு பொருளின் "பயன்" அதற்குள் இருக்கிறதா, நம் மனதில் இருக்கிறதா?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பீட்டர் குரூஸ், அந்தோனி மெய்யர்ஸ் இருவரும் இதை "இரட்டை இயல்பு" என்றார்கள்: செய்பொருள் ஒரே நேரத்தில் பௌதிக அமைப்பும், நோக்கத்தின் தாங்கியுமாக இருக்கிறது. விபோ ஹவுக்ஸ், பீட்டர் ஃபெர்மாஸ் 2010இல் அதைக் கூர்மையாக்கி, வடிவமைப்பவர் பொருளோடு ஒரு "பயன்பாட்டுத் திட்டத்தையும்" செய்து தருகிறார் என்றார்கள்.

கொழும்பில் இதற்கு வீட்டுக்கு வீடு உதாரணம் உண்டு. சுவரில் 13 ஆம்பியர் சதுரத் துளை. கையில் இரண்டு வட்ட முள் கொண்ட பிளக். பேனை மூடியாலோ குச்சியாலோ மேல் துளையை அழுத்தினால் கீழ்த் துளைகளின் கதவு திறக்கும், பிளக் உள்ளே போய்விடும், மின்சாரமும் வரும். பயன் கிடைத்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்தக் கதவு சின்ன விரல் உள்ளே போகாமல் இருக்கத்தான். நீண்ட புவிமுள் முதலில் புகுந்தால் மட்டுமே திறக்கும்படி செய்தது, முதலில் புவித்தொடுப்பு கிடைக்க வேண்டும் என்ற திட்டம். சதுர பிளக்கின் உள்ளே உருகி இருக்கிறது, வட்ட முள்ளில் இல்லை. உள்ளே உள்ள பித்தளைப் பிடி தட்டையான முள்ளுக்கு அளவானது. வட்ட முள்ளை ஒரு கோடு போலத்தான் தொடும். தொடுகை குறைந்த இடம் சூடாகிறது, பிளாஸ்திக் கருகி மணக்கிறது. பெட்டியில் உள்ள பிரேக்கர் சுவர்க் கம்பியைக் காக்க அமைந்தது. மெல்லிய சாதனக் கம்பி எரிந்தாலும் அது விழாமல் இருக்கக்கூடும்.

பயன் நம் மனதில் மட்டும் இருந்தால் இந்தப் பாவனையைப் பிழை என்று சொல்ல வழியே இல்லை, மின்சாரம் வந்துவிட்டதே. பௌதிகத்தில் மட்டும் இருந்தாலும் சொல்ல முடியாது, சூடாவதும் பௌதிகம்தான். பயன்பாட்டுத் திட்டம் என்ற கருத்து வந்த பிறகுதான் "பிழையான பாவனை" என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது. கூடவே இன்னொரு கேள்வியும் எழுகிறது. வட்ட முள் சாதனங்களும் சதுரத் துளைகளும் ஒரே சந்தையில் விற்கப்பட்ட நாட்டில் பிழை பேனை மூடி பிடித்தவருடையது மட்டும்தானா?

தொழினுட்பத்தை முறைமை என்று வரையறுப்பவர்கள் சொல்வது என்ன?

தனிப் பொருள் போதாது. பொருள், ஆட்கள், விதிகள், பழக்கம் எல்லாம் சேர்ந்ததே தொழினுட்பம் என்கிறார்கள். 2022 ஜூலையில் வந்த எரிபொருள் க்யூ.ஆர். முறையை நினைவுகூருங்கள். தொலைபேசியில் இருந்தது கறுப்பு வெள்ளைச் சதுரம். வேலை செய்தவை வேறு: வாகன இலக்கம், அடிச்சட்டக இலக்கம், அடையாள அட்டை இலக்கம் பதிந்த தரவுத்தளம், ஓட்டோவுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்ற ஒதுக்கீடு, நிரப்பு நிலையத்தில் அதை வாசிக்கும் ஊழியர், அன்று பவுசர் வந்ததா என்பது. வாகன இலக்கத்தை அடையாளமாக வைத்த முறைமையில் இலக்கத் தகடில்லாத ஜெனரேட்டருக்குத் தனி வழி தேவைப்பட்டது. சதுரத்தைப் பார்த்தால் இது தெரியாது, முறைமையைப் பார்த்தால்தான் தெரியும்.

வள்ளுவர் வினை தொடங்குமுன் எண்ண வேண்டியவையாகப் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்று ஐந்தைச் சொல்கிறார் (குறள் 675). கருவி ஐந்தில் ஒன்று.

முறைமை வரைவிலக்கணத்தின் பலவீனம் எல்லை. எங்கே நிறுத்துவது? பவுசர், துறைமுகம், டொலர் கையிருப்பு வரை போனால் நாட்டுக்கே வரைவிலக்கணம் எழுதுகிறீர்கள். எந்த உறுப்பை எடுத்தால் வேலை அன்றே நிற்குமோ அதுவரை உள்ளே, மற்றவை சூழல் என்று கோடு போடுவது நடைமுறைக்கு உதவும்.

ஹைடெகரை வாசித்தே ஆக வேண்டுமா?

ஜேர்மன் தத்துவவியலாளர் மார்ட்டின் ஹைடெகர் தொழினுட்பம் பற்றி ஆற்றிய 1953 சொற்பொழிவை ஒரு முறையாவது வாசியுங்கள். கருவி வரைவிலக்கணம் சரி, ஆனால் சாரத்தைத் தொடவில்லை என்றார். நவீன தொழினுட்பம் எல்லாவற்றையும் எடுத்துப் பயன்படுத்தக் காத்திருக்கும் இருப்பாகக் காட்டுகிறது. ரைன் நதி மின்நிலையத்துக்கு நீரமுக்கம் வழங்குவதாகிவிடுகிறது. மகாவலியை மெகாவாற்றாக மட்டும் பேசும் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இது புரியும். பிளக்குக்கும் உரலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அவர் உதவமாட்டார். நவீன தொழினுட்பம் முழுவதையும் ஒரே நோயாகப் பார்த்தவர்.

அதைவிட அல்பேர்ட் போர்க்மன் (1984) கைக்குள் வருகிறார். அடுப்பு என்றால் விறகு, ஊதல், காவல், சுற்றி உட்காரும் வீட்டார். சாதனம் என்றால் பயன் மட்டும் முன்னால், இயக்கம் மறைவில். மின்சாரச் சோற்றுக் குக்கரில் நீர் இருக்கும்வரை சட்டியின் அடி 100 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் சூடு ஏறும். அடியில் உள்ள காந்த உலோகம் அந்தச் சூட்டில் காந்தத்தன்மை இழக்க, வில் தட்டி ஆளி விழும். காவல் வேலை அந்தக் காந்தத்துக்குப் போய்விட்டது. 2022இல் எரிவாயுவும் மின்சாரமும் ஒன்றாகத் தட்டுப்பட்டபோது வெள்ளவத்தை மாடிவீடுகளில் விறகு வாங்கினாலும் எரிக்க இடமில்லை. போர்க்மன் சொன்ன இழப்பை அவர் நினைத்ததைவிடக் கடுமையாக அது காட்டியது.

விலங்குகளுக்குத் தொழினுட்பம் உண்டா?

விலங்கு ஆய்வாளர் ஜேன் குடோல் 1960இல் ஆபிரிக்காவின் கொம்பேயில், சிம்பன்சி குச்சியின் இலையை உருவிவிட்டுக் கறையான் புற்றில் விட்டுப் பிடிப்பதைக் கண்டார். "கருவி செய்பவன் மனிதன்" என்ற வரைவிலக்கணம் அன்றே ஆட்டம் கண்டது. கருவி உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள். கருவி செய்யக் கருவி, தலைமுறைக்குத் தலைமுறை கூடிவரும் திருத்தம் என்பவற்றைத் தொழினுட்பத்தின் அடையாளமாக வைக்கலாம்.

சட்டம், மொழி, டியூசன் கூட தொழினுட்பமா?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜாக் எல்லுல் (1954) ஆம் என்பார்: எந்தத் துறையிலும் வினைத்திறனுக்காகப் பகுத்தறிந்து வகுத்த வழிமுறைகளின் மொத்தம்தான் அவருக்குத் "டெக்னீக்". கடந்தகால வினாத்தாளை வகைபிரித்து, நிமிடம் கணக்கிட்டு, மாதிரி விடையை மனனம் செய்விக்கும் டியூசன் அதில் கச்சிதமாகப் பொருந்தும். அவருடைய வரைவிலக்கணத்தை எடுத்தால் அதன் அகலத்தையும் ஏற்க வேண்டும்; பாதி வழியில் இயந்திரத்துக்குத் திரும்பக்கூடாது.

என் கட்டுரைக்கு வரைவிலக்கணத்தை எப்படி எழுதுவது?

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். தனிச் சாதனமா, ஒரு துறையின் நடைமுறையா, ஒரு சமூகத்திடம் உள்ள எல்லாமா? பிரையன் ஆர்தர் 2009இல் இம்மூன்றுக்கும் தனித்தனி வரைவிலக்கணம் கொடுத்தது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். பிறகு ஒரே வாக்கியத்தில், எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது முன்னும், அந்த இனத்தில் மற்றவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பது பின்னுமாக எழுதுங்கள். அதை ஐந்து பொருளில் சோதியுங்கள்: பி.ஜி. 352, பத்தரின் கை, க்யூ.ஆர். முறை, சிம்பன்சியின் குச்சி, ஒரு கவிதை. கவிதையும் உள்ளே வந்தால் வலை அகலம். பத்தரின் கை வெளியே போனால் வலை குறுகல். ஐந்தையும் திருப்திப்படுத்த ஒட்டுப்போட்டு ஆறு வரியாக்குவது மாணவர் செய்யும் பெரிய பிழை. ஒன்றை வேண்டுமென்றே வெளியே விட்டு, ஏன் விட்டீர்கள் என்று அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள். பரீட்சகர் அதைத்தான் தேடுகிறார்.

கடைசியாக, கட்டுரை முழுவதும் "தொழினுட்பத்தால்", "தொழினுட்பத்தோடு" என்று வரும் இடங்களைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பென்சிலால் குறியுங்கள். கருவி என்று குறித்த இடத்தில் ஏவுதற் கருத்தாவையும் இயற்றுதற் கருத்தாவையும் எழுதிச் சேருங்கள். "தானியங்கி முறைமையால் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தால், விதியை வகுக்கச் சொன்னவர் யார், அதை நிரலாக எழுதியவர் யார் என்ற இரண்டுக்கும் வாக்கியத்தில் இடம் வேண்டும்.